வெகுளியின் முகவரி: மலையகத் தொழிலாளர் போராட்டமும் குடியுரிமையும்



தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிப் பேச அழைக்கப்படுகிறவர் கூலிக் கணக்கோடு வருவது வழக்கம். எத்தனை ரூபாய் கேட்டார்கள், எத்தனை நாள் வேலை நின்றது, கடைசியில் என்ன கிடைத்தது என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தக் கணக்கு தேவைதான். இந்த உரையிலும் அது வரும். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கணக்கில் ஏறாதது. வேலையை நிறுத்திவிட்டுச் சாலைக்கு வருகிறவர்களின் கோபத்துக்கும் அச்சத்துக்கும் பெருமிதத்துக்கும், அவர்கள் ஒரு நாட்டின் குடிமக்களாக இருப்பதற்கும் என்ன உறவு?

"தொழிலாளர்கள் உணர்ச்சிவசப்பட்டனர்" என்று செய்திகளில் ஒரு வரி வருவதுண்டு. எழுதுகிறவர் அறிந்தோ அறியாமலோ அதில் ஒரு தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது. அவர்கள் யோசித்துச் செய்யவில்லை. ஆகவே அவர்கள் சொன்னதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அவர்கள் அடங்கினால் போதும். இந்தத் தீர்ப்பை மறுப்பதே இன்றைய என் வேலை.

என் வாதம் எளியது. மழை பெய்து பயிர் அழுகினால் வருந்துகிறோம். மடையைத் திறந்துவிட்டவர் யாரென்று தெரிந்தால்தான் கோபப்படுகிறோம். நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று யாரை நினைக்கிறோமோ அவரை நோக்கியே கோபம் செல்லும். ஆகவே ஒரு மக்கள் கூட்டம் யார்மீது கோபப்படுகிறது, அதற்கு யார் பதில் சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனால் அவர்களுடைய குடியுரிமையின் எல்லைக்கோடு தெரிந்துவிடும். இதைப் பார்க்க இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துப் பிறகு பறித்து, ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் தவணை முறையில் திருப்பிக் கொடுக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

உணர்ச்சிக்கு நிலைக்களன் உண்டு

கூட்டம் என்றால் அறிவிழந்தது என்ற கருத்துக்கு ஐரோப்பாவில் பெரிய செல்வாக்கு இருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களைக் கண்டு கலங்கிய வர்க்கத்துக்கு அது ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தின் வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்ப்சன் 1971இல் அந்த ஆறுதலைக் கலைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ரொட்டி விலைக்காகக் கலகம் செய்த ஏழைகளிடம் எது நியாய விலை, எது அநியாயம் என்ற தெளிந்த அறநெறி இருந்தது என்று ஆவணங்களைக் கொண்டு காட்டினார்.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுத்திருக்கிறது. வெகுளி, அதாவது கோபம், எங்கிருந்து பிறக்கும்? உறுப்பை அறுப்பதிலிருந்து, குடியை நலிவதிலிருந்து, அடித்தும் வைதும் அலைப்பதிலிருந்து, கொலையிலிருந்து. நான்கும் பிறர் இழைக்கும் தீங்குகள். அச்சத்தின் நான்கு நிலைக்களன்களில் அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம்மை ஆளும் இறையையும் அந்நூல் சேர்த்திருக்கிறது. தெய்வத்துக்கும் புலிக்கும் திருடனுக்கும் அஞ்சுவதைப்போலவே அரசனுக்கும் மனிதர் அஞ்சுவர் என்பதை இலக்கணமாகவே எழுதிவைத்த மரபு நம்முடையது. அதோடு, மெய்ப்பாடு மனத்துக்குள் பூட்டிக் கிடப்பதில்லை. உடலில் வெளிப்பட்டு எதிரே இருப்பவர் அறிய நிற்பது. காண ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் அரசியல்.

வாய் திறந்தால் குற்றம்

பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கை மலைநாட்டின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணி என்ற ஆள்பிடிக்கும் மேற்பார்வையாளர் வழியாக ஆள் கட்டிக் கொண்டுபோனார்கள். 1865ஆம் ஆண்டின் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின்படி வேலைக்கு வராமலிருப்பது மட்டுமல்ல, எசமானிடம் மரியாதைக் குறைவாக நடப்பதும் தண்டனைக்குரிய குற்றம். தோட்ட நிர்வாகியான துரைக்கு முன்னால் எதிர்த்துப் பேசிய தொழிலாளியை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தொழிலாளியை அலைத்த துரைக்கு அப்படி ஒரு விதி இல்லை. யாருடைய கோபம் நிர்வாகம், யாருடைய கோபம் குற்றம் என்பதைச் சட்டமே பிரித்து வைத்தது. இதற்கு மேல் துண்டு முறை. கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் ஆளைச் சேர்க்காது. 1921 வரை அது நீடித்தது.

இப்படிப்பட்ட இடத்தில் வெகுளி எங்கே போகும்? ஒப்பாரிக்குள் போனது, கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டுக்குள் போனது, மாசி மாதக் காமன் கூத்துக்குள் போனது. கவிஞரும் தொழிற்சங்கவாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை பின்னாளில் இந்தப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். கூலி உயர்வுக்காக வாதாடியவரே பாட்டையும் சேர்த்து வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு இரண்டும் ஒரே ஆவணத்தின் இரு பக்கங்கள்.

அந்த உணர்ச்சிக்கு முதன்முதலில் மேடை கொடுத்தவர்கள் தஞ்சையிலிருந்து போன பத்திரிகையாளர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும். 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்காக அவர்கள் ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார்கள். மீனாட்சி அம்மை பாட்டுகளை எழுதி, கூட்டங்களில் தாமே பாடி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டும் பரப்பினார். லயம் என்ற வரிசைக் குடியிருப்புக்குள் முனகலாக இருந்தது மேடையில் குற்றச்சாட்டாக மாறியது. பாட்டின் கருத்தைவிட, ஒரு பெண் அதைப் பலர் முன்னிலையில் நின்று பாடியதும், கேட்டவர்கள் தம் துயரம் தமக்கு மட்டும் உரியதல்ல என்று கண்டதும்தான் அங்கே நடந்த அரசியல்.

முல்லோயா

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தொல்காப்பியம் சொன்ன நான்காவது நிலைக்களனான கொலை நேராகவே வந்து நின்றது.

அதற்குப் பின் நடந்ததுதான் புதியது. கோவிந்தனின் மனைவிக்காக லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த கொல்வின் ஆர். டி சில்வா விசாரணையில் வாதாடினார். அதுவரை தோட்டத்தில் ஒரு சாவு என்றால் தப்பு அடித்து அடக்கம் செய்து மறுநாள் பிரட்டு என்ற காலை வேலைக் கணக்கெடுப்புக்குப் போவார்கள். இப்போது ஒரு கூலிக்காரரின் சாவுக்கு நாடு கணக்குக் கேட்டது. வேலைநிறுத்த அலை ஊவா மாகாணத்துக்குப் பரவியது. அதே ஆண்டில் துரைமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. சங்கம் வைப்பதை முதலாளிகள் ஏற்க வேண்டி வந்தது. துக்கம் கோபமாகி, கோபம் உரிமையான வரிசை இது. நடுவே ஒரு படியை எடுத்துவிட்டால் உடன்படிக்கை வந்திருக்காது.

1947 பொதுத் தேர்தலில் மலையகத் தொழிலாளர்கள் தங்கள் கட்சியான சிலோன் இந்தியன் காங்கிரஸின் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. பதில் அடுத்த ஆண்டே வந்தது.

அரசுக்கும் உணர்ச்சி உண்டு

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் சட்டத்தில் செய்த திருத்தமும் சேர்ந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வாக்குரிமையையும் பறித்தன. 1946 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ 7,80,000 பேர்.

இந்தச் சட்டத்தை நிதானமான அரசுக் கொள்கையாக எழுதுகிற நூல்கள் உண்டு. ஆனால் அதை உந்தியது உணர்ச்சிதான். தொழிலாளர் வாக்கும் இடதுசாரிகளும் சேர்ந்தால் ஆட்சி என்னாகும் என்ற அச்சம் ஒன்று. கண்டிச் சிங்கள விவசாயிகளின் நிலக் குறை இன்னொன்று. அந்தக் குறை பொய்யில்லை. 1840ஆம் ஆண்டின் முடிநிலச் சட்டத்தைக் கொண்டு பிரிட்டிஷார் காட்டையும் புனத்தையும் எடுத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். ஆனால் நிலத்தை எடுத்தவர் கப்பலேறிப் போகும் நேரத்தில் கோபம் அந்த நிலத்தில் கொழுந்து பறித்தவர்மீது திரும்பியது. கோபத்துக்கு எப்போதும் நியாயம் இருக்கும் என்று நான் வாதாடவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உண்மையான இழப்பிலிருந்து பிறந்த வெகுளியும் தவறான முகவரிக்குப் போகலாம். போகும்படி திருப்பியும் விடலாம். அதனால்தான் உணர்ச்சியை ஒதுக்கக் கூடாது, விசாரிக்க வேண்டும் என்கிறேன். ஆள்வோரின் அச்சம் சட்டம் என்ற பெயரில் அச்சேறுகிறது. ஆளப்படுவோரின் கோபம் கலவரம் என்ற பெயரில் போலீஸ் குறிப்பேட்டில் ஏறுகிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால் எது நிதானம், எது ஆவேசம் என்ற தீர்ப்பு பல இடங்களில் தலைகீழாகும்.

சட்டம் வந்த பிறகு 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அது பல மாதம் நீண்டது. 1949ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பதிவு என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. குடியை நலிவது வெகுளிக்கு நிலைக்களன் என்றேன். இங்கே இரண்டு அரசுகள் கைகுலுக்கி அதைச் செய்தன. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்து சேர்ந்தவர்களைத் தமிழ்நாடு 'சிலோன்காரர்' என்று அழைத்தது. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். கோபப்பட்டால் பதில் சொல்ல எந்தப் பக்கமும் ஆள் இல்லை.

பிரார்த்தனையும் போராட்டமே

நாடற்றவரின் கோபத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடிமகன் கோபப்பட்டால் எதிர்ப்பு. நாடற்றவன் கோபப்பட்டால் நன்றிகெட்டதனம், அல்லது நாட்டுக்கே ஆபத்து. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலப் பறிப்பை எதிர்த்த தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டு சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். அதே ஆண்டிலும் 1981, 1983ஆம் ஆண்டுகளிலும் நடந்த இன வன்செயல்கள் தோட்டங்களையும் தாக்கின. வடக்கில் போர் மூண்டபின் மலையகத்தில் உரத்த குரல் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு உள்ளானது.

இந்தப் பின்னணியில்தான் 1986 தைப்பொங்கலன்று தோட்டத் தொழிலாளர் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கியது. காலையில் வேலைக்கு இறங்காமல் கோயிலிலும் தோட்டத்துப் பொது இடத்திலும் கூடிப் பிரார்த்தனை செய்வது. அது முடிந்த பிறகே வேலை. நாடற்றவர் அனைவருக்கும் குடியுரிமை வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அழைப்பு விடுத்த சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது அதே அரசில் அமைச்சர்.

இதைத் தந்திரம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். காலைக் கொழுந்து பறிக்கப்படாவிட்டால் கம்பெனிக்கு நட்டம் என்பதைப் பிரார்த்தித்தவர்களும் அறிவார்கள். ஆனால் அங்கே உணர்ச்சியின் வடிவம் எப்படிப் பொருந்தியது என்று பாருங்கள். வெகுளியாக வந்திருந்தால் துப்பாக்கி பதில் சொல்லியிருக்கும். பக்தியாக வந்தபோது தடுக்க வழியில்லை. ஆளும் இறைமீதுள்ள அச்சத்தை அதைவிடப் பெரிய இறையின் பெயரால் கடந்தார்கள். அந்த ஆண்டே 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டமும் 2003இல் மற்றொரு சட்டமும் வந்து எஞ்சியவர்களையும் சேர்த்தன.

வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. கோபத்தைப் பக்தியாக மாற்றிப் பழகிய இயக்கத்தில் அந்தப் பக்தி தலைவர்கள் பக்கமும் சாய்ந்தது. சந்தா வாங்கும் சங்கத்தைத் தொழிலாளி கேள்வி கேட்பது அரிதாயிற்று. கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்கள். சங்க மேடையில் பெரும்பங்கு ஆண்கள். 1984 வேலைநிறுத்தத்தின் பிறகு பெண்ணுக்கும் ஆணுக்கும் சம கூலி என்று ஆனது. ஆனால் அந்தக் கூலியை அவள் சார்பில் கணவன் வாங்கிப்போகும் பழக்கம் பல தோட்டங்களில் தொடர்ந்தது. துரையிடம் காட்ட முடியாத கோபத்தை ஆண் வீட்டில் காட்டினான். பெண்ணின் கோபத்துக்கு முகவரியே இல்லாமலிருந்தது.

மூணாறு சொன்னது

அந்த முகவரியை எழுதிக் காட்டியவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். கேரளத்தின் மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்டார்கள். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10ஆகக் குறைந்தது உடனடிக் காரணம். நாள் கூலி அப்போது 232 ரூபாய். அவர்கள் கம்பெனியோடு நிற்கவில்லை. தங்கள் பெயரால் பேசிக்கொண்டிருந்த ஆண் சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள். நாங்கள் சுமக்கிறோம், நீங்கள் சுகிக்கிறீர்கள் என்ற பொருளில் முழக்கம் தமிழிலேயே எழுந்தது. ஒன்பது நாளில் போனசும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் நாள் கூலி 301 ரூபாயானது.

இவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்கள். ஆனாலும் யாரோ வெளியார் தூண்டிவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. தமிழ் பேசும் தோட்டப் பெண்ணுக்குச் சொந்தமாகக் கோபம் வரும் என்பதைப் பலரால் நம்ப முடியவில்லை. 2017இல் மாநில அமைச்சர் ஒருவர் தங்களை இழிவாகப் பேசினார் என்று அதே பெண்கள் மீண்டும் சாலையில் அமர்ந்தபோது கேட்டது பணமில்லை, மன்னிப்பு. கூலிக் கோரிக்கையோடு தொடங்கியவர்கள் மானக் கோரிக்கைக்கு வந்திருந்தார்கள். சட்டம் தரும் குடியுரிமை முதல் படிதான்; ஒருவரின் கோபம் அவருடைய சொந்தக் கோபமாக மதிக்கப்படும்போதுதான் அடுத்த படி ஏறுகிறோம்.

துரையிடமிருந்து நாட்டிடம்

மலையகத்துக்குத் திரும்புகிறேன். நாளொன்றுக்கு அடிப்படைக் கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2018 அக்டோபரில் அதற்காகக் கொழும்பு காலி முகத்திடலில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கறுப்பு உடையில் கூடினார்கள். அவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களே அல்லர். கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அரைப்பேர் (அரைநாள் வேலைக் கணக்கு) போட்டு அம்மாவின் கூலி பிடிக்கப்பட்ட நாட்களை வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தத் தலைமுறைக்கு வெட்கமாக இருந்தது கோபமாக மாறியது. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் ஊர்ப் பெயரை மழுப்பிய நகரத்திலேயே, நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் என்று கூடி நின்றார்கள். வருத்தமும் மென்மையும் இளிவரல் என்ற இழிவுணர்வுக்கு நிலைக்களன்கள் என்று தொல்காப்பியம் சொல்லும். கல்வியும் தறுகண்மையும் பெருமிதத்துக்கு நிலைக்களன்கள். அன்று அங்கே இளிவரல் பெருமிதமானது.

உடனே பலன் கிடைத்துவிடவில்லை. 2019 தொடக்கத்தில் அடிப்படைக் கூலி 700 ரூபாய்தான் ஆனது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக அரசு 1,000 ரூபாய் அறிவித்தபோது கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஆனால் முகவரி மாறிவிட்டது. துரையை, கம்பெனியை, சங்கத்தைத் தாண்டி நாட்டிடமே பேசினார்கள்.

2023இல், மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைப்பயணம் போனார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் காட்டுவழியே நடந்து, வழியில் செத்து, எஞ்சியவர்கள் மலை ஏறிய பாதை அது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டார்கள். கோரிக்கைகளில் கூலியும் நிலமும் வீடும் இருந்தன. அவற்றோடு, எங்கள் வரலாற்றையும் உழைப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதும் இருந்தது. அந்த ஏற்பை அரசு மட்டும் தந்துவிட முடியாது. வழியோரச் சிங்களரும் முஸ்லிம்களும் வடகிழக்குத் தமிழரும் தர வேண்டும். வழியில் பலர் வரவேற்கவும் செய்தார்கள். சக குடிமக்களை நோக்கிய உணர்ச்சி இது. 1948இல் தவறான முகவரிக்குப் போன ஒரு கோபத்துக்கு, 75 ஆண்டு கழித்து, கோபத்துக்கு ஆளானவர்களே எழுதிய பதில் என்று இதைக் கொள்ளலாம்.

முடிவாக

ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு சொல்ல விரும்புகிறேன். தொழிலாளர் வரலாறு எழுதும்போது கூட்டு ஒப்பந்தங்களையும் வர்த்தமானி அறிவிப்புகளையும் படியுங்கள். அதே கவனத்தோடு முழக்கத்தையும் ஒப்பாரியையும் மன்னிப்புக் கோரிக்கையையும் படியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த உணர்ச்சிக்கு நிலைக்களன் எது? இது யாரை நோக்கியது? அவர் பதில் சொன்னாரா? இரண்டாவதாக, உணர்ச்சியைக் கொண்டாடவும் வேண்டாம். மூன்று கேள்விக்கும் நிற்காத கோபம் எளியவர்மீதே பாயும் என்பதற்கு இதே வரலாற்றில் சான்று இருக்கிறது.

ஆட்சியில் இருப்போருக்கும் ஒன்று. 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை உள்ளாட்சி அமைப்பான பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடச் சட்டம் இடம் தரவில்லை. லயத்தில் இருப்பவருக்குத் தனி வீட்டு முகவரி இல்லாததால், கடிதம் தோட்ட நிர்வாகத்தின் வழியாக வரும் நிலை பலருக்கு உண்டு. வாக்குச்சீட்டு இருக்கிறது, வாசல் எண் இல்லை. நிலமும் வீடும் வாசல் எண்ணும் கொடுப்பது கருணைச் செயலாகாது. இன்ன இடத்தில் இன்னார் இருக்கிறார், அவர் கேள்வி கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு எழுதித் தரும் ஒப்புதல் அது.

குடிமக்கள் கோபப்படாத நாடு நல்ல நாடு என்று நான் நினைக்கவில்லை. கோபப்பட்டவரைச் சுடாமல், அவர் ஊரையும் மொழியையும் பார்த்துச் சந்தேகிக்காமல், அவர் கேட்டதற்குப் பதில் சொல்கிற நாடே நல்ல நாடு. குடியுரிமைக்கு நான் அறிந்த சோதனை இதுதான்.